எலி வீட்டுக்கு ஐம்பது சதவீத வரி

எனக்குக் கேள்வி கேட்கிறவர்களைக் கண்டால் ஆகாது. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பட்டுக்கடைக்கு மேல்மாடியில் உட்கார்ந்து இருபத்தெட்டு வருஷமாக ஏற்றுமதிக் காகிதம் எழுதுகிறேன். இன்வாய்ஸ் என்கிற விலைச்சீட்டு, பேக்கிங் லிஸ்ட், கப்பலுக்கு வேண்டிய சீட்டுகள். சரக்கு என்ன, எவ்வளவு, எந்த ஊருக்கு என்று சொன்னால் போதும், மிச்சம் என் பாடு. "அரங்கசாமிகிட்டக் குடுத்துட்டா அப்புறம் பேச்சே இல்லீங்க" என்பார்கள். பேச்சே இல்லை என்பதுதான் அதில் எனக்குப் பிடித்த பகுதி.

அப்படிப்பட்ட ஆபீசுக்குத்தான் போன வருஷம் மாசாணியம்மாள் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கையில் ஒரு துணிப்பை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து, பைக்குள்ளிருந்து ஒரு முழுக் கொட்டாங்குச்சியை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். நார் ஒன்றுகூட இல்லாமல் வழுவழுவென்று தேய்த்திருந்தது. பக்கவாட்டில் வட்டமாக ஒரு ஓட்டை.

"இதென்னங்க அம்மணி?"

"ஊடுங்க."

"யாருக்கு?"

"எலிக்குங்க சார். அமெரிக்காவுல இருக்கற எலிக்கு."

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டேன். எங்கள் வீட்டில் எலிக்குப் பொறி வைப்போம், மருந்து வைப்போம். வீடு கட்டிக் கொடுத்ததில்லை. விளையாடுகிறாரோ என்று பார்த்தால் முகத்தில் சிரிப்பு இல்லை. ஆயிரம் வீட்டுக்கு ஆர்டர் வந்திருக்கிறது, எப்படி அனுப்புவது என்று கேட்டார். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. இன்வாய்ஸ் என்றால் என்ன, ஏன் மூன்று பிரதி, கப்பல்காரன் படிப்பானா, படிக்காவிட்டால் ஏன் எழுதுகிறீர்கள் என்று ஒரு மணி நேரம் துளைத்தெடுத்துவிட்டார். அன்றைக்கு என் மதியச் சாப்பாடு ஆறிப்போயிற்று. யாருக்காவது கோபம் வராதா?

ஆனால் போகப் போக அந்த அம்மாளின் கதை தெரிந்தது. உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, அமராவதி அணைக்குப் போகிற வழியில் ஒரு சிற்றூர். அப்பன், ஆத்தாள் இரண்டு பேரும் தோட்டக்கூலி. எட்டாவதோடு படிப்பு நின்றது. பத்தொன்பது வருஷம் ஒரு கொப்பரைக் களத்தில் வேலை. தேங்காயை உடைத்துக் காயப்போட்டு, பூஞ்சை பிடிக்காமல் இருக்கக் கந்தகப் புகை போடுவார்கள். அந்தப் புகை நெஞ்சுக்குள் இறங்கி, படி ஏறினால் மூச்சு இழுக்கும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டது. "இனியும் புகைக்குள்ள நின்னீங்கன்னா அப்புறம் என்கிட்ட வராதீங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். டாக்டர் சொல்லிவிடுவார். வீட்டுக்காரர் வேலுமணியின் லோடு கூலியை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்க முடியுமா? அதனால் அடுத்த நாளும் களத்துக்குத்தான் போனார்.

அந்தச் சமயத்தில் கோயமுத்தூர் உக்கடத்தில் வளர்ப்புப் பறவைக் கடை வைத்திருக்கும் அப்துல் மஜீத், குருவிக்கூட்டுக்குக் கொட்டாங்குச்சி வேண்டும் என்று அந்தக் களத்துக்கு வந்திருக்கிறார். எடுத்துக் கொடுத்தோம், காசு வாங்கினோம் என்று மற்றவர்கள் போய்விட்டார்கள். மாசாணியம்மாளுக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. குருவி இதற்குள் எப்படிப் போகும்? ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து உக்கடத்துக்கே வந்து பார்த்துவிட்டார். அங்கேதான் ஹாம்ஸ்டர் என்ற பிராணியைக் கண்டார். உருண்டையான எலி, வால் இருக்கிற இடம் தெரியாது. வெளிநாட்டில் குழந்தைகள் ஆசையாக வளர்க்கிறார்களாம். "ஏனுங்க பாய், இது எங்க தூங்குமுங்க?" என்று கேட்டிருக்கிறார். பிளாஸ்டிக் டப்பாவில் என்றார் மஜீத். "கடிச்சுத் தின்னுபோடாதுங்களா?" என்றார் இவர். 

அந்தக் கேள்வியில் பிறந்ததுதான் இந்த வீடு. தேங்காயை முழுசாகவே பல மாதம் காயவிட்டால் உள்ளே பருப்பு சுருங்கி ஓட்டிலிருந்து விலகிவிடும். அப்புறம் வட்டமாக வாசல் அறுத்து, சின்னக் கொக்கி விட்டுப் பருப்பை உடைத்து வெளியே எடுக்க வேண்டும். புகையும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். மஜீத் அதைப் படம் எடுத்துத் தன் கடையின் இணையப் பக்கத்தில் போட, அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்திலிருந்து மார்லீன் என்றொரு அம்மாள் எழுதினார். சின்னப் பிராணிகளுக்கு வேண்டிய சாமான்களைக் கடைகளுக்கு விற்கிறவர். முதலில் ஆயிரம், பிறகு இன்னும் ஆயிரம். மாசாணியம்மாள் களத்தை விட்டு நின்றார். ஒரு கொட்டகையைக் குத்தகைக்குப் பிடித்தார். களத்தில் கூட வேலை செய்த ஏழு பெண்களும், இங்கிலீஷ் தெரிந்த மெர்சியும் கூட வந்தார்கள். மெர்சி முன்பு நர்சரிப் பள்ளியில் டீச்சர்.

இந்த வருஷம் ஜூலைக் கடைசியில் பெரிய ஆர்டர் தயாரானது. கிறிஸ்துமஸ் விற்பனைக்காக ஆறாயிரம் வீடு. தூத்துக்குடியில் முப்பதாம் தேதிக் கப்பலில் இடமும் கிடைத்தது. நான் காலண்டரைப் பார்த்தேன். ஆடி மாதம்.

வெளியில் நான் பகுத்தறிவு பேசுகிற ஆள்தான். ஆனாலும் இருபத்தெட்டு வருஷத்தில் ஒருவருடைய முதல் பெரிய சரக்கை ஆடியில் நான் கப்பலேற்றியதில்லை. நம் பக்கத்தில் யாரும் செய்ய மாட்டார்கள். "ஆவணி பொறக்கட்டுமுங்க அம்மணி, முதல் வாரத்துலயே அனுப்பிப்போடலாம்" என்றேன்.

"ஆடி நமக்குத்தானுங்களே சார், அந்த எலிக்கும் உண்டுங்களா?" என்றார்.

கூட வந்திருந்த மெர்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. "பெரியவங்க சொன்னாக் கேட்டுக்கோணும்" என்று வாயை அடைத்துவிட்டேன். கப்பல் எங்கள் பெட்டிகள் இல்லாமலே போயிற்று.

ஆகஸ்ட் ஏழாம் தேதி காலையில் பேப்பரைப் பிரித்தால் தலைப்பே ஐம்பது சதவீதம். இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா போட்ட கூடுதல் வரி முதலில் பத்தாக இருந்தது, அன்று முதல் இருபத்தைந்து, இருபத்தேழாம் தேதி முதல் ஐம்பது. ஏழாம் தேதிக்கு முன்னால் கப்பலேறி, செப்டம்பர் நடுவுக்குள் அங்கே போய்ச் சேர்ந்த சரக்கு பழைய பத்தோடு தப்பித்துக்கொள்ளும் என்று சிறிய எழுத்தில் போட்டிருந்தது. முப்பதாம் தேதிக் கப்பலில் போயிருந்தால் எங்கள் வீடுகளும் தப்பியிருக்கும். அந்தப் பத்தியை நான் நாலு தடவை படித்தேன். 

அன்று மதியமே மெர்சிக்கு மார்லீனிடமிருந்து மெயில். எனக்குப் போனில் படித்துச் சொன்னார். வரியைக் கட்டுவது மார்லீன்தான், துறைமுகத்தில் அவர் கட்டினால்தான் சரக்கு வெளியே வரும். ஒரு வீட்டின் விலை இரண்டு டாலர். ஐம்பது சதவீதம் என்றால் வீட்டுக்கு ஒரு டாலர். "முக்கால் டாலர் வரைக்கும் எப்படியாவது சமாளிப்பேன். அதற்கு மேல் போனால் என்னால் முடியாது. செப்டம்பர் பதினைந்துக்குள் ஒரு வழி தெரியாவிட்டால் ஆர்டரை ரத்து செய்ய வேண்டியதுதான், மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று எழுதியிருந்தார்.

மாசாணியம்மாள் மறுநாள் வந்தார். திட்டுவார் என்று தயாராக இருந்தேன். திட்டவில்லை, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "ரத்தாயிருச்சுன்னா கொட்டகைய ஒப்படைச்சுப்போட்டு மறுபடி களத்துக்குத்தானுங்க போகோணும்" என்றார். "அந்தப் பொகைய நெனச்சாலே பயமா இருக்குதுங்க சார். என்ன நம்பி வந்தவங்க மொகத்த எப்படிப் பாக்கறதுன்னும் தெரியல." அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டார். "செரி, இந்த வரிய யாருங்க போடறது? எதப் பாத்துங்க போடறாங்க? கொறைக்கச் சொல்லி யாருகிட்டயாவது கேக்க முடியுமுங்களா?"

இந்த முறை என்னால் எரிந்து விழ முடியவில்லை. ஆடி என்று தடுத்தவன் நான்தானே. "வாங்க, விசாரிக்கலாம்" என்றேன்.

ஆகஸ்ட் கடைசியில் அவிநாசி ரோட்டில் ஒரு ஓட்டல் அரங்கில் ஏற்றுமதியாளர்கள் கூட்டம். நூல், துணி, பம்பு என்று பெரிய பெரிய ஆட்கள். வங்கிக் கடனுக்குத் தவணை கேட்டார்கள், அரசு மானியம் கேட்டார்கள், ஐரோப்பாவுக்குத் திருப்பலாமா என்று பேசினார்கள். மேடையில் இருந்த அரசு அதிகாரி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். கடைசி வரிசையிலிருந்து மாசாணியம்மாள் கையைத் தூக்கினார். எனக்கு வியர்த்துவிட்டது.

"ஏனுங்க, எலி ஊட்டுக்கு என்ன வழிங்க?"

அரங்கம் முழுக்கச் சிரிப்பு. முன்வரிசை மில் முதலாளிகள் திரும்பிப் பார்த்தார்கள். இந்த அம்மாள் அசரவில்லை. துணிப்பையிலிருந்து வீட்டை எடுத்து உயர்த்திக் காட்டி, எலி, ஓஹையோ, முக்கால் டாலர் எல்லாவற்றையும் சொன்னார். சிரிப்பு நின்றது. அதிகாரி நல்ல மனிதர், யோசித்துத்தான் பதில் சொன்னார். "அரசாங்கம் செய்யறது செய்யட்டும்மா, அதுக்கு நாளாகும். நீங்க இன்னைக்கே செய்யக்கூடியது ரெண்டு. வாங்கறவங்களோட நேரடியா உக்காந்து பேசுங்க. அப்புறம் உங்க இன்வாய்ஸை முழுசாப் படிச்சுப் பாருங்க, வரி எந்தத் தொகை மேல விழுதுன்னு."

இன்வாய்ஸைப் படிக்கிறதாம்! எழுதியவன் நான், என்னிடமே சொல்கிறாரே என்று வெளியே வந்து பொருமினேன். மாசாணியம்மாள் போண்டாவைப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தார்.

"சார், ஒண்ணு கேக்கட்டுங்களா? இன்வாய்ஸுல வெலையக் கொறச்சு எழுதிப்போட்டா என்னங்க? ரெண்டுக்குப் பதிலா ஒண்ணரைன்னு?"

"அம்மணி!" என்று கத்திவிட்டேன். ரோட்டில் போனவர் திரும்பிப் பார்த்தார். "அது பொய்க் கணக்குங்க. மாட்டினா அந்த அம்மாவுக்கு அபராதம், உங்களுக்குக் கெட்ட பேரு, எனக்கு ஆபீஸே இருக்காது. ரெண்டு டாலர்னா ரெண்டு டாலர்தான் எழுதோணும்."

"தெரியாமத்தானுங்க கேட்டேன். கத்தாதீங்க, ரத்தக்கொதிப்பு வந்துரும்" என்று மிச்சமிருந்த போண்டாவை என் கையில் கொடுத்தார்.

அதிகாரி சொன்ன முதல் வழியை அந்த வாரமே செய்தோம். அதுவரை மார்லீனோடு எழுத்துதான், முகம் பார்த்துப் பேசியதில்லை. ஒரு சாயங்காலம், அங்கே காலை நேரம், மெர்சியின் போனில் வீடியோவில் வந்தார். நரைத்த முடி, சட்டையெல்லாம் வைக்கோல் தூசு. அவரும் பெரிய கம்பெனி இல்லை. கார் நிறுத்துகிற கொட்டகையில் இரண்டு பெண்களை வேலைக்கு வைத்து வியாபாரம் செய்கிறார். அது மாசாணியம்மாளுக்குப் பெரிய ஆச்சரியம். "நம்ம மாதிரியேதானுங்களே!" என்று மூன்று தடவை சொன்னார். பிறகு, "அந்த எலியக் காட்டச் சொல்லுங்க மெர்சி" என்றார்.

மார்லீன் போனைத் திருப்பினார். ஒரு கண்ணாடிப் பெட்டி, மரத்தூள், நடுவில் எங்கள் வீடு. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு வாசலில் ஒரு மூக்கு. மீசை அசைந்தது. இரண்டு கன்னமும் உப்பியிருக்க, அது மெதுவாக வெளியே வந்து, எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பி உள்ளே போய்விட்டது. மாசாணியம்மாளின் கண் நிறைந்துவிட்டது. இரண்டாயிரம் வீடு செய்து அனுப்பியவர், குடியிருக்கிறவரைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"வாயில என்னங்க அடக்கிருக்குது?"

"சூரியகாந்தி விதையாம் அக்கா. கன்னத்துலயே சேத்து வெச்சுக்குமாம்" என்றார் மெர்சி.

"அட கெட்டிக்காரக் கழுதை!"

அதன்பின் மார்லீன் தன் கணக்கைக் காட்டினார். ஜூன் மாதம் போன ஆயிரம் வீட்டுக்கு அவர் கட்டிய வரிச்சீட்டு. மெர்சி அதைப் பெரிதாக்கி ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லச் சொல்ல, மாசாணியம்மாளின் நெற்றி சுருங்கியது.

"ஒரு நிமிசமுங்க. வரி ரெண்டு டாலர் மேல போட்டிருக்குதுங்களா?"

"ஆமாங்க. அதுதானே வெலை" என்றேன்.

"ஊட்டுக்கு எங்களுக்கு வர்றது ஒண்ணு நாப்பதுதானுங்களே சார். அறுவது சென்ட்டு கப்பக் கூலியும் இன்சூரன்ஸும்னு நீங்கதான சொன்னீங்க. அந்தக் கூலிக்குமா அவிங்க வரி போடறாங்க?"

"அது அப்படித்தாங்க அம்மணி. எல்லாம் சேர்ந்ததுதான் விலை."

"இல்லீங்க, ஊட்டுக்குள்ள வெறுங்காத்துதானுங்க இருக்குது. எடையே இல்ல, எடத்த அடைக்குதுன்னுதான் கப்பக்காரங்க கூலி அத்தன வாங்கறாங்க. அந்தக் காத்துக்குமா வரின்னு கேக்கறேன்."

"அப்படித்தான் அம்மணி, விடுங்க!" என்று சொல்லிவிட்டேன். மெர்சி அந்தக் கேள்வியை விடாமல் இங்கிலீஷில் மார்லீனிடம் கேட்டுவிட்டார். மார்லீன் அதைப் பேனாவால் குறித்துக்கொண்டார். "தெரியவில்லையே. என் சுங்க ஏஜெண்டைக் கேட்கிறேன்" என்றார்.

அந்தக் காத்துக் கேள்வி வீடு வரைக்கும் கூடவே வந்தது. மறுநாள் காலையில் ஆபீசைத் திறந்ததும் அமெரிக்கச் சுங்க விதியைத் தேடி எடுத்துப் படித்தேன். இரண்டாம் முறை படித்தேன். விஷயம் ஒளிவு மறைவில்லாமல் அங்கேயே இருந்தது. அந்த நாட்டில் வரி சரக்கின் விலைமேல்தான். நம் துறைமுகத்திலிருந்து அவர்கள் துறைமுகம் வரை ஆகும் கப்பல் கூலியும் காப்பீடும் அதில் சேராது. ஆனால் ஒன்று, அந்தச் செலவை உண்மையான தொகையாக, ரசீதோடு, இன்வாய்ஸில் தனியாகக் காட்டியிருக்க வேண்டும்.

நான் தனியாகக் காட்டியதே இல்லை. ஒரே விலை, ஒரே தொகை. ஏன் தெரியுமா? இருபது வயதில் உடுமலைப்பேட்டைத் தேங்காய் மண்டி ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தேன். அங்கே விலை சொன்னால் லாரி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி எல்லாம் உள்ளடக்கி, சரக்கு வீட்டு வாசலில் இறங்குகிற விலையாகச் சொல்வார்கள். வாடகையைப் பிரித்துச் சொன்னால் அற்பத்தனம். விருந்துக்கு வந்தவரிடம் மளிகைக்கடைச் சீட்டைக் காட்டுவது மாதிரி. அதோடு, பிரித்துக் காட்டினால் வாங்குகிறவன் அதிலும் பேரம் பேசுவான் என்று முதலாளி சொல்லுவார். அந்தப் பழக்கத்தை அப்படியே இன்வாய்ஸில் ஏற்றிவிட்டேன். வரி சொற்பமாக இருந்த காலத்தில் யாருக்கும் உறைக்கவில்லை. எனக்கும்தான்.

ஒன்று நாற்பதில் பாதி, எழுபது சென்ட். மார்லீன் சொன்ன முக்கால் டாலருக்குள் வருகிறது. கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தேன். சந்தோஷமா, வெட்கமா, இரண்டும்தான். மார்லீனின் ஏஜெண்டும் அதையே எழுதி அனுப்பினார், கப்பல் கம்பெனி ரசீது கட்டாயம் கூட வர வேண்டும் என்று அடிக்கோடிட்டு. முன்பு போன சரக்குகளின் சீட்டையும் திருத்தச் சொல்லி, கூடக் கட்டிய வரியைத் திரும்பக் கேட்கலாம், சுங்கத்தில் கணக்கு முடிந்திருந்தாலும் குறிப்பிட்ட நாளுக்குள் ஆட்சேபம் எழுதலாம், ரசீதைத் தேடி எடுங்கள் என்றும் சொல்லியிருந்தார். செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி மார்லீனிடமிருந்து ஒற்றை வாக்கியம் வந்தது. அனுப்புங்கள்.

ஆறாயிரம் வீட்டுக்கும் புது இன்வாய்ஸ் நான்தான் எழுதினேன். மாசாணியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, சரக்கு விலை ஒரு இடத்தில், கப்பல் கூலி ஒரு இடத்தில், காப்பீடு ஒரு இடத்தில் என்று விரலை வைத்து வைத்துப் பார்த்தார். பெட்டிகள் லாரி ஏறின. கொட்டகையில் பெண்கள் சாக்லேட் வாங்கிக் கொடுத்துக்கொண்டார்களாம். களத்துக்காரர் ஆள் அனுப்பி, மறுபடி வேலைக்கு வருகிறீர்களா என்று கேட்டதற்கு, "அவருக்கு நல்லாருங்கன்னு சொல்லி அனுப்பிச்சேனுங்க" என்று மாசாணியம்மாள் சிரித்தார். அவர் அப்படிச் சத்தமாகச் சிரித்து நான் பார்த்ததில்லை.

கப்பல் கிளம்பிவிட்டதா என்று கேட்க நான்கு நாள் கழித்து மாசாணியம்மாள் வந்தபோது, எனக்கு நன்றி சொல்ல ஒரு சீப்பு பூவன் பழமும் கொண்டுவந்திருந்தார். அதைக் கண்டதும் என்னால் அடக்க முடியவில்லை.

"அம்மணி, எனக்கு நன்றியெல்லாம் சொல்லாதீங்க. ஆடின்னு நிறுத்தினதும் நான். சேர்த்து எழுதினதும் நான். அந்தக் கேள்வியை நீங்க கேக்கலைன்னா இந்நேரம் நீங்க களத்துல நின்னிருப்பீங்க. இது என் தப்புதானுங்க."

அவர் பழச்சீப்பை மேஜைமேல் வைத்தார். ஜன்னலைப் பார்த்தார். "செரிங்க. தெரியாம செஞ்சது" என்றார். அதோடு முடிந்தது என்று மூச்சு விட்டேன். இந்த அம்மாளைத் தெரிந்தும் மூச்சு விட்டேன் பாருங்கள்.

"ஏனுங்க சார், இப்படிச் சேத்து எழுதினது எனக்கு மட்டுங்களா? இல்ல, அமெரிக்காவுக்கு அனுப்பற எல்லாருக்குங்களா?"

 பீரோவைத் திறந்து ஃபைல்களை எடுத்தேன். பதினாறு பேர். அவர் ஒவ்வொரு பெயராகக் கேட்டார், என்ன சரக்கு, இப்போது எப்படி இருக்கிறார் என்று. ஒன்பதாவது ஃபைலில் என் கை நின்றுவிட்டது. காரமடையில் சசிதர், முப்பத்தாறு வயது. பருத்திக் கயிற்றில் பூனை படுக்கும் கூடை பின்னி அனுப்பிக்கொண்டிருந்தவர். பெரிய பெரிய வட்டக் கூடைகள். ஒரு பெட்டிக்குப் பத்துகூட அடங்காது. கப்பல் கூலி சரக்கு விலைக்குச் சமமாக வரும், பிரித்து எழுதியிருந்தால் வரி பாதிதான்.

"இவரு?"

"போன மாசம் வாங்கறவங்க நிறுத்திட்டாங்க. கம்பெனிய மூடிட்டாருங்க. நான்தான் போய், காலம் சரியில்லைன்னு ஆறுதல் சொல்லிட்டு வந்தேன்."

மாசாணியம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் போனை எடுத்து, "நெம்பர் போடுங்க" என்றார். போட்டேன். மறுமுனையில் சசிதர் எடுத்தார்.

"ஏனுங்க, நான் உடுமலைப்பேட்டைலருந்து மாசாணியம்மாங்க. அரங்கசாமி சார் ஆபீஸ்லருந்துதான் பேசறேன். உங்க கூடை பின்ற மிஷினெல்லாம் இன்னும் இருக்குதுங்களா?"

"இல்லீங்களே" என்ற சசிதரின் குரல் எனக்கும் கேட்டது. "போன ஞாயித்துக்கெழமதாங்க வித்து வண்டியேத்தி உட்டேன். ஏனுங்க, என்ன விசயம்?"

 மாசாணியம்மாள் போனை என் பக்கம் நீட்டினார்.

"இத நீங்கதானுங்க சொல்லோணும்" என்றார்.

நான் போனை வாங்கிக் காதில் வைத்தேன். "சசிதர், நான் அரங்கசாமிங்க" என்றேன்.